பேட்டரி இல்லாத குட்டி வயர்லெஸ் சென்சார் டிசைன் பண்றது எப்படி: காயில் வரையறதுக்கு முன்னாடி கப்ளிங்கை முடிவு பண்ணுங்க

சிப் இல்ல, பேட்டரி இல்ல, தனியா ஆன்டெனா கூட இல்ல. ஒரு காயில், அதோட ஒரு கெப்பாசிட்டர், அவ்ளோதான் மொத்த சென்சாரும். அழுத்தமோ ஈரப்பதமோ இடைவெளியோ, நாம அளக்கப்போற விஷயம் அந்த கெப்பாசிட்டரை கொஞ்சம் மாத்தும், கெப்பாசிட்டர் மாறினா ரெசனன்ஸ் ஃப்ரீக்வென்சி, அதாவது காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இயல்பா அதிர்ற ஃப்ரீக்வென்சி, நகரும், வெளிய இருக்கற ரீடர் காயில் அந்த நகர்வை தொடாமலே படிச்சுரும். யோசனை பழசு தான். கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தத்தை அளக்க ரெண்டு தட்டை சுருள் காயிலை எதிரெதிரா வெச்சு, அழுத்தம் கூடினா நடுவுல இருக்கற இடைவெளி குறையற மாதிரி ஒரு குட்டி சென்சார் பத்தின கட்டுரை 1967லயே வந்திருச்சு. இதய செயலிழப்பு இருக்கறவங்களோட நுரையீரல் தமனிக்குள்ள வெக்கற பேட்டரி இல்லாத அழுத்த சென்சாருக்கு 2014ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவ கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, அதுவும் இதே காயில்-கெப்பாசிட்டர் குடும்பம் தான்.

இதை செய்ய ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் முதல்ல காயிலை வரைஞ்சு போர்டு போட்டுடறாங்க, அப்புறம் ரீடர் பக்கத்துல கொண்டு போய் அந்த ரெசனன்ஸோட பீக், அதாவது உச்சி, தெரியுதான்னு தேடறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், மூணு போர்டு போட்டதுக்கு அப்புறம் தான் வரிசையே தப்புன்னு புரிஞ்சுது. ரீடர் காயிலும் சென்சார் காயிலும் காந்தப்புலத்தால எவ்ளோ இணைஞ்சிருக்குங்கறது தான் கப்ளிங். இந்த சென்சார்ல அதுதான் சிக்னல் வர்ற பாதை, ரீடிங்கை கெடுக்கற பெரிய பிழையும் அதே கப்ளிங் தான். அதனால எவ்ளோ தூரத்துல இருந்து படிக்கணும், அந்த தூரம் எவ்ளோ ஆடும், இந்த ரெண்டையும் முதல்ல பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் காயிலுக்கு போங்க.

தூரத்துல இருந்து ஆரம்பிக்கலாம்

ரீடர் காயில்ல ஓடற கரன்ட் மாறாம இருந்தா, அதோட அச்சு மேல ஒரு குறிப்பிட்ட தூரத்துல அதிகபட்ச காந்தப்புலம் வேணும்னா காயிலோட ஆரம் அந்த தூரத்தை மாதிரி 1.41 மடங்கு இருக்கணும். 15 மில்லிமீட்டர்ல படிக்கணும்னா ஆரம் சுமார் 21 மில்லிமீட்டர். ரொம்ப பெரிய காயில் போட்டா தூரம் கூடும்னு நினைக்காதீங்க, குட்டி சென்சார் மேல படற ஃப்ளக்ஸோட பங்கு குறைஞ்சு கப்ளிங் இன்னும் மோசமாகும்.

இந்த 21 மில்லிமீட்டர் ஆரம் இருக்கற ரீடருக்கும், கீழ கணக்கு போடப்போற 20 மில்லிமீட்டர் சதுர சென்சாருக்கும் நடுவுல கப்ளிங் எண், அதாவது கே, 15 மில்லிமீட்டர் தூரத்துல சுமார் 0.08 வரும். 60 மில்லிமீட்டருக்கு தள்ளிப் போனா 0.005 தான். ரீடர் பார்க்கறது கே இல்ல, கே ஸ்கொயர். ரெசனன்ஸ்ல ரீடர் காயிலோட ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ ஏறுதுன்னா, ரீடர் காயிலோட ரியாக்டன்ஸ் (அதோட இண்டக்டன்ஸ் அந்த ஃப்ரீக்வென்சியில காட்டற எதிர்ப்பு) × கே ஸ்கொயர் × சென்சாரோட க்யூ (லாஸ் எவ்ளோ கம்மி, பீக் எவ்ளோ கூர்மைன்னு சொல்ற எண்). ரீடர் 1 மைக்ரோஹென்றி, ஃப்ரீக்வென்சி 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம், க்யூ 50ன்னு வெச்சா 15 மில்லிமீட்டர்ல 28 ஓம் பீக் வருது, கண்ணை மூடிட்டு கூட கண்டுபிடிச்சரலாம். 60 மில்லிமீட்டர்ல 0.11 ஓம். தூரம் நாலு மடங்கு, சிக்னல் 250 மடங்குக்கு மேல அடி வாங்குது. இன்னும் தூரம் போகப் போக கே தூரத்தோட மூணாவது அடுக்குல விழும், சிக்னல் ஆறாவது அடுக்குல. இந்த கணக்கை முதல் நாளே போட்டுட்டா, நடக்காத தூரத்துக்கு ஆசைப்பட்டு மாசக்கணக்கா உக்காந்துட்டு இருக்க வேண்டியதில்ல.

எந்த எண்ணை படிக்கப்போறீங்க

பீக்கோட உயரத்தை படிக்காதீங்க, அது கே ஸ்கொயரோட ஆடும், கை கொஞ்சம் நகர்ந்தாலே மாறிரும். ஃப்ரீக்வென்சியை படிங்க. ஆனா ஃப்ரீக்வென்சியிலயும் ஒரு கண்ணி இருக்கு. நிறைய பேர் ரீடரோட ஃபேஸ் (வோல்டேஜுக்கும் கரன்ட்டுக்கும் நடுவுல இருக்கற கோண வித்தியாசம்) எங்க அடிக்கு போகுதோ அந்த இடத்தை எடுத்துக்கறாங்க, அது உண்மையான ரெசனன்ஸை விட தோராயமா கே ஸ்கொயரில் நாலுல ஒரு பங்கு மேல தள்ளி உக்காரும். கே 0.08ன்னா 0.16 சதவீதம், 14 மெகாஹெர்ட்ஸ்ல அது 22 கிலோஹெர்ட்ஸ். சென்சார்ல ஒண்ணுமே மாறல, ரீடரை மட்டும் நகர்த்தினீங்க, ஆனா ரீடிங் 22 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருச்சு. பாலிஇமைட் ஃபிலிமை வெச்சு ஈரப்பதம் அளக்கறீங்கன்னா அது சுமார் ஒன்றரை சதவீத ஈரப்பதத்துக்கு சமம்.

அதுக்கு பதிலா ரீடர் காயிலோட இம்பீடன்ஸ்ல (ஏசி கரன்ட்டுக்கு அது காட்டற மொத்த எதிர்ப்பு) ரியல் பகுதி, அதாவது ரெசிஸ்டன்ஸ், எங்க உச்சத்துக்கு போகுதுன்னு பாருங்க. அந்த இடம் கே மேல சார்ந்ததே இல்ல. க்யூ மேல மட்டும் சின்னதா சார்ந்திருக்கும், நாலு க்யூ ஸ்கொயரில் ஒரு பங்கு, க்யூ 50ன்னா 0.01 சதவீதம். இந்த ஒரு மாற்றம் என் ரீடிங்கை காப்பாத்தின அளவுக்கு வேற எதுவும் காப்பாத்தல.

ஒரு நிபந்தனை இருக்கு. ரீடர் காயில் தன் சொந்த ரெசனன்ஸுக்கு பக்கத்துல இருக்கக்கூடாது. சிக்னல் கூடும்னு ரீடரையும் சென்சாரோட அதே ஃப்ரீக்வென்சிக்கு ட்யூன் பண்ணினா, கிட்ட வரும்போது ஒரு பீக் ரெண்டா பிளக்கும், அப்புறம் எது சென்சார் எது ரீடர்னு பிரிக்கவே முடியாது. ரீடரோட சொந்த ரெசனன்ஸை வேலை பண்ற ஃப்ரீக்வென்சியை விட நாலஞ்சு மடங்கு மேல வெச்சிருங்க, டர்ன் குறைவா மூணு நாலு போதும்.

இப்போ காயில்

சதுர ஸ்பைரல் எடுத்துக்கலாம். வெளி அளவு 20 மில்லிமீட்டர், 10 டர்ன், ட்ராக் 0.3, இடைவெளி 0.3. உள் அளவு 8.6 மில்லிமீட்டர் வரும், சராசரி 14.3. நிரப்பு விகிதம்னு ஒண்ணு இருக்கு, வெளி அளவுல உள் அளவை கழிச்சு ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும், இங்க 0.4. இண்டக்டன்ஸ் = 2.34 × காற்றோட பெர்மியபிலிட்டி × டர்ன் ஸ்கொயர் × சராசரி அளவு, இதை (1 + 2.75 × நிரப்பு விகிதம்) ஆல வகுக்கணும். திருத்தப்பட்ட வீலர் ஃபார்முலான்னு சொல்வாங்க, கைக்கணக்குக்கு நல்லாவே ஒத்துவரும். விடை 2 மைக்ரோஹென்றி.

குட்டியா வேணும்னா அடுத்த லேயர்ல தான் விஷயம் இருக்கு. 0.1 மில்லிமீட்டர் பாலிஇமைட்டோட இன்னொரு பக்கம் இதே ஸ்பைரலை போட்டு, நடுவுல ஒரு வயாவால, அதாவது ரெண்டு லேயரையும் சேர்க்கற செம்பு பூசின ஓட்டையால, இணைங்க. மேல் லேயர்ல கரன்ட் வெளியிலிருந்து உள்ள சுத்தி வந்து, வயா வழியா கீழ இறங்கி, அதே திசையில சுத்திட்டே வெளிய போகணும். திசை மாறிப் போச்சுன்னா ரெண்டு லேயரும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட காலியாகிரும், போர்டு அனுப்பறதுக்கு முன்னாடி விரலை வெச்சு ட்ராக் மேல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, கூச்சப்படாதீங்க. திசை சரியா இருந்தா ரெண்டு லேயருக்கும் நடுவுல கே 0.9 பக்கம் இருக்கும், மொத்த இண்டக்டன்ஸ் ரெண்டு மடங்கு இல்ல, 3.8 மடங்கு, 7.6 மைக்ரோஹென்றி. அதே இடம், அதே 20 மில்லிமீட்டர்.

அதோட கெப்பாசிட்டரும் சும்மா கிடைக்குது. ஒரு லேயரோட ட்ராக் நீளம் 572 மில்லிமீட்டர், அகலம் 0.3, நடுவுல டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 3.4 இருக்கற 0.1 மில்லிமீட்டர் ஃபிலிம், கணக்கு போட்டா 52 பிகோஃபாரட். ஆனா வயா பக்கம் ரெண்டு லேயருக்கும் வோல்டேஜ் வித்தியாசம் பூஜ்யம், வெளி முனையில தான் முழுசு, அதனால உண்மையில வேலை செய்யறது மூணுல ஒரு பங்கு, 17 பிகோஃபாரட். ஃப்ரீக்வென்சி 14 மெகாஹெர்ட்ஸுக்கு கொஞ்சம் கீழ. வெளி கெப்பாசிட்டர் எதுவுமே பத்த வைக்காம, என்எஃப்சி கார்டுகள் வேலை செய்யற 13.56 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல வந்து நின்னுட்டோம் பாருங்க, எனக்கு இது இன்னைக்கும் சந்தோஷம் தர்ற விஷயம். கரன்ட் காயில் முழுக்க ஒரே அளவா ஓடாது, வெளி முனைக்கு வர வர குறையும், பக்கத்து டர்னுக்கு நடுவுலயும் கெப்பாசிடன்ஸ் இருக்கு, அதனால செஞ்சு பார்க்கும்போது 10, 20 சதவீதம் தள்ளி வந்தா பதறாதீங்க. முதல் போர்டை அளந்து, ரெண்டாவதுல டர்னை திருத்திக்கலாம்.

அளக்கற இடம் எது

இந்த 17 பிகோஃபாரட் நல்லதா கெட்டதாங்கறது சென்சிங் எங்க நடக்குதுங்கறதை பொறுத்தது. லேயருக்கு நடுவுல இருக்கற ஃபிலிமே ஈரத்தை உறிஞ்சுற சென்சார்னா, இல்ல அழுத்தத்துல அமுங்கற நுரை மாதிரி ஒரு பொருள்னா, மொத்த கெப்பாசிட்டரும் சென்சார் தான், முழு பலன். கெப்பாசிடன்ஸ் 1 சதவீதம் மாறினா ஃப்ரீக்வென்சி அரை சதவீதம் மாறும், இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. ஆனா நீங்க வெளி முனைகள்ல தனியா 20 பிகோஃபாரட் சென்சார் ஒண்ணு இணைச்சீங்கன்னா, அது 10 சதவீதம் மாறும்போது மொத்தம் 37ல 2 தான் மாறுது, ஃப்ரீக்வென்சி 5 சதவீதத்துக்கு பதிலா 2.7 தான் நகரும். அப்போ லேயர் கெப்பாசிட்டர் உங்களுக்கு எதிரி, ட்ராக்கை ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம அரை பிட்ச் (ட்ராக்கும் இடைவெளியும் சேர்ந்த அளவுல பாதி) தள்ளி வரைங்க, இல்ல ஃபிலிமை தடிமனாக்குங்க. தடிமனாக்கினா ஃப்ரீக்வென்சி ஏறும், அதையும் கணக்குல வெச்சுக்கணும்.

அழுத்தத்துக்கு ரெண்டு லேயரையும் நெருங்க விடற டிசைன் எனக்கு ரொம்ப பிடிக்கும். நெருங்கினா கெப்பாசிடன்ஸும் கூடும், கப்ளிங்கும் கூடி இண்டக்டன்ஸும் கூடும், ரெண்டும் ஃப்ரீக்வென்சியை ஒரே பக்கம் கீழ இழுக்கும். அந்த 1967 கண் சென்சார் அடிப்படையில இதே வகை தான்.

க்யூ எங்க போகுது

14 மெகாஹெர்ட்ஸ்ல செம்புல கரன்ட் மேல்தோல்ல சுமார் 18 மைக்ரான் ஆழத்துக்கு தான் ஓடும், சாதாரண 35 மைக்ரான் செம்பு போதும், தடிமன் கூட்டி பெருசா லாபமில்ல. டிசி ரெசிஸ்டன்ஸ் 1.9 ஓம் தான் வருது, அதை மட்டும் பார்த்தா க்யூ 350ன்னு ஆசை காட்டும். அப்படி வராது. பக்கத்து ட்ராக்கோட காந்தப்புலம் கரன்ட்டை ஓரத்துக்கு தள்ளி ரெசிஸ்டன்ஸை ஏத்தும், அதோட கெப்பாசிட்டர் முழுக்க டைஎலக்ட்ரிக்குள்ள இருக்கறதால அதோட லாஸ் நேரா க்யூவுக்கு மேல்வரம்பு போட்டுரும். சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை, எபாக்ஸி) போர்டோட லாஸ் டேன்ஜென்ட், அதாவது டைஎலக்ட்ரிக் எவ்ளோ சக்தியை வீணாக்குதுன்னு சொல்ற எண், 0.02, அப்போ என்ன காயில் போட்டாலும் 50ஐ தாண்ட முடியாது. பாலிஇமைட் இதை விட நல்லா இருக்கும், டெஃப்லான் வகை இன்னும் நல்லது.

தண்ணி தான் பெரிய தலைவலி. அதோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 80 பக்கம், உப்புத்தண்ணியோ உடம்போன்னா கரன்டும் கடத்தும், ட்ராக்கை சுத்தி வெளிய கசியற எலக்ட்ரிக் புலம் அதுக்குள்ள போச்சுன்னா ஃப்ரீக்வென்சி கீழ இறங்கி பீக் படுத்துரும். மெல்லிசா ஒரு கோட்டிங் அடிச்சா தண்ணி செம்பை தொடாது, ஆனா புலம் கோட்டிங்கை தாண்டி தண்ணிக்குள்ள போயிட்டு தான் இருக்கும். ட்ராக் இடைவெளியை மாதிரி மூணு நாலு மடங்கு தடிமனுக்கு சிலிக்கோன் மாதிரி லாஸ் கம்மியான பொருளை ஊத்துங்க. வெளி முனை தான் வோல்டேஜ் அதிகமா இருக்கற இடம், அங்க ஒரு மடங்கு கூட.

பக்கத்துல உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல்ற எடி கரன்ட் இண்டக்டன்ஸை குறைச்சு ஃப்ரீக்வென்சியை மேல தள்ளும். நடுவுல ஃபெரைட் ஷீட் ஒண்ணு வெச்சு, வெச்ச பிறகு தான் ட்யூனிங் பண்ணணும், ஏன்னா ஷீட்டே ஃப்ரீக்வென்சியை கீழ இறக்கிரும்.

ரெண்டு ரெசனேட்டர், ஒரு அளவு

இது வரைக்கும் கப்ளிங்கோட ஆட்டத்தை ரீடிங்ல இருந்து ஒதுக்கற வேலை. அதையே அளவாக்கவும் முடியும். ஒரே ஃப்ரீக்வென்சி இருக்கற ரெண்டு ரெசனேட்டரை கிட்ட வெச்சா ரெண்டு பீக் வரும், ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. ரெண்டும் 13.9 மெகாஹெர்ட்ஸ், நடுவுல கே 0.1ன்னா 13.25லயும் 14.65லயும் உக்காரும். மேல் பீக்கோட ஸ்கொயர்ல கீழ் பீக்கோட ஸ்கொயரை கழிச்சு, ரெண்டு ஸ்கொயரோட கூட்டுத்தொகையால வகுத்தா நேரா கே கிடைக்கும். இதுல அடிப்படை ஃப்ரீக்வென்சி வரவே இல்ல கவனிச்சீங்களா, வெப்பத்துலயோ ஈரத்துலயோ ரெண்டு ரெசனேட்டரும் சேர்ந்து நகர்ந்தா அது கணக்குல அடிபட்டு போயிரும், மிஞ்சறது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மட்டும். விரிசல் அகலம், நகர்வு, வீக்கம் அளக்கறதுக்கு இதை விட நேர்மையான அளவு எனக்கு தெரிஞ்சு இல்ல.

ரெண்டு எச்சரிக்கை. முதலாவது, ரெண்டும் உண்மையிலயே ஒரே ஃப்ரீக்வென்சியா இருக்கணும். 2 சதவீதம் வித்தியாசம் இருந்தா கே 0.1ங்கறது 0.102ன்னு தெரியும், பரவாயில்ல. அதே வித்தியாசத்தோட கே 0.01ன்னா 0.022ன்னு காட்டும், முழு பொய். கே × க்யூ ஒண்ணுக்கு மேல நல்லா இருந்தா தான் பீக் ரெண்டும் பிரிஞ்சும் தெரியும், அதனால வேலை செய்யற எல்லை முழுக்க கே 0.05க்கு கீழ போகாம இடைவெளியை வடிவமைக்கணும்.

ரெண்டாவது நிறைய பேரை குழப்பறது. ஒரே அச்சுல மேலும் கீழுமா வெச்ச ரெண்டு காயில்ல, மேல் பீக்குல கரன்ட் எதிரெதிர் திசையில ஓடும், ரெண்டோட புலமும் தூரத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், ரீடர் எவ்ளோ தேடினாலும் அந்த பீக் மங்கலா தான் இருக்கும். சென்சார் கெட்டுப்போச்சுன்னு தூக்கி போட்டுராதீங்க. ஒரு காயிலை கொஞ்சம் பெருசாக்குங்க, இல்ல ரீடரை ஒண்ணுக்கு மட்டும் நெருக்கமா, ஓரத்துல வைங்க. காயில் ரெண்டும் ஒரே தளத்துல பக்கத்து பக்கத்துல இருந்தா நிலைமை தலைகீழ், அங்க கீழ் பீக் தான் மங்கும்.

இன்னொரு பயன்பாடும் உண்டு, அதாவது 3 மில்லிமீட்டர் சென்சாரை தூரத்துல படிக்க ஒரு பெரிய ரெசனேட்டரை அதோட ஒட்டி ரிலே மாதிரி வெக்கறது. செய்யலாம், ஆனா ரெண்டையும் ஒரே ஃப்ரீக்வென்சிக்கு வெச்சா ஒவ்வொரு பீக்கோட சக்தியிலயும் பாதி தான் சென்சார்ல இருக்கும், சென்சிட்டிவிட்டியும் சரி பாதியாகும். தூரம் வாங்கறோம், அதுக்கு விலை இது.

ஒரே சென்சார் துண்டுல ரெண்டு தனித்தனி அளவு, உதாரணத்துக்கு அழுத்தமும் வெப்பமும் வேணும்னா, இங்க கப்ளிங் வேண்டவே வேண்டாம். ஒண்ணு நகர்ந்தா இன்னொண்ணையும் தள்ளும். எம்ஆர்ஐ காயில் செய்யறவங்க 1990லயே இதுக்கு அழகா ஒரு வழி கட்டுரையா போட்டாங்க: ரெண்டு வட்ட காயிலை ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏத்தி, மையத்துக்கு மையம் விட்டத்துல சுமார் 0.75 பங்கு தள்ளி வெச்சா, பரஸ்பர இண்டக்டன்ஸ் பூஜ்யம். ஸ்பைரல்ல இந்த எண் கொஞ்சம் மாறும், ஒண்ணை ஒண்ணு மேல நகர்த்தி, பீக் தள்ளாத இடத்துல ஒட்டிருங்க.

2018க்கு அப்புறம் ரீடர்ல நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் சர்க்யூட் வெச்சு, சென்சாரோட லாஸுக்கு சமமா ரீடர்ல கெயின் குடுத்து, சின்ன மாற்றத்துக்கு ஸ்கொயர் ரூட் அளவுல பெரிய நகர்வு வர்ற மாதிரி செய்யற முறை நிறைய பேசப்படுது. அழகான இயற்பியல். ஆனா அங்க சத்தமும் சேர்ந்து பெருகும், கப்ளிங் நகர்ந்தா சமநிலையே போயிரும். முதல் சென்சாருக்கு அது வேண்டாம்.

படிச்சு பார்க்கறது

நானோ விஎன்ஏ மாதிரி, ஃப்ரீக்வென்சியை மாத்திட்டே இம்பீடன்ஸை அளக்கற குட்டி அனலைசர் போதும். ரீடர் காயிலோட முனையில கேலிப்ரேஷன் பண்ணுங்க, கேபிளோட முனையில இல்ல. முதல்ல சென்சார் இல்லாம ஒரு ஸ்வீப் எடுத்து சேமிங்க, அப்புறம் சென்சாரோட ஒண்ணு எடுங்க, ரெண்டாவதோட ரியல் பகுதியில இருந்து முதலாவதோட ரியல் பகுதியை கழிங்க, மிஞ்சறது தான் சென்சார். ஸ்வீப் அகலத்தை சுருக்குங்க, 1 மெகாஹெர்ட்ஸ்ல 101 புள்ளின்னா ஒரு படி 10 கிலோஹெர்ட்ஸ், க்யூ 50க்கு பீக் அகலமே 280 கிலோஹெர்ட்ஸ் இருக்கும், அதனால உயரமான புள்ளியை எடுக்காம பீக்கை சுத்தி இருக்கற 30, 40 புள்ளிக்கு ஒரு வளைவை பொருத்தி உச்சியை கண்டுபிடிங்க, படியை விட பத்து மடங்கு துல்லியம் கிடைக்கும்.

அழுத்தம், ஈரம்னு எதையும் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. சென்சாரை மேஜையில ஒட்டிட்டு, ரீடரை 10, 15, 20, 30 மில்லிமீட்டர்ல வெச்சு படிங்க, பக்கவாட்டுல 5 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தடவை, 10 டிகிரி சாய்ச்சு ஒரு தடவை. பீக் உயரம் தாறுமாறா மாறும், மாறட்டும். ஃப்ரீக்வென்சி ரெண்டு மூணு கிலோஹெர்ட்ஸுக்குள்ள நின்னா கேலிப்ரேஷனுக்கு போகலாம். கிட்ட வர வர ஒரே பக்கமா நகருதுன்னா ரீடரோட சொந்த ரெசனன்ஸ் ரொம்ப கீழ இருக்கு, இல்ல ரெண்டு காயிலுக்கும் நடுவுல கெப்பாசிட்டிவ் கப்ளிங் வருது. ஒரு டர்ன் குறைச்சு பாருங்க, அப்பவும் நகர்ந்தா ரீடரை 10 மில்லிமீட்டருக்கு கிட்ட வர விடாம ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒட்டிருங்க.